ஐப்பசி மழைக்குப் பின் பூக்க எதை வைப்பது?

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் பலருக்கும் வாசலோரத்துப் பூச்செடி நினைவுக்கு வருகிறது. வீட்டுக்கு வெள்ளையடித்த கையோடு நர்சரிக்குப் போய், கறுப்புப் பையில் பூத்து நிற்கும் செவ்வந்தி நாலு, டேலியா இரண்டு, பெயர் தெரியாத ஒன்று என்று வாங்கி வந்து மதிலோரம் நட்டுவிடுகிறார்கள். தைப்பூசம் வரைக்கும் பார்க்க நன்றாக இருக்கும். மாசி பிறக்கும்போது செடி கருகிவிடும். "நம்மூரு வெயிலுக்குப் பூச்செடி ஆகாதுங்க" என்று அத்தோடு விட்டுவிடுகிறவர்கள் சேலத்திலும் நாமக்கல்லிலும் நிறையப் பேர்.

வெயிலின் மேல் தப்பில்லை. பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு பூத்தோட்டத்தில், பூத்து நின்ற செவ்வந்தியைப் பார்த்து ஆசைப்பட்டுக் கன்று கேட்டேன். பறித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "கன்னு வேணும்னா ஆனியில வாங்க சாமி. பூவுல வந்து கன்னு கேட்டா என்னத்தக் குடுக்கறது?" அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினாலும், மழைக்குப் பின் பூக்கும் பின்பருவப் பூவைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. தையில் எது பூக்க வேண்டும் என்பதை ஆனிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் முடிவு செய்துவிட வேண்டும். அந்த முடிவும் நிறத்தை வைத்து எடுப்பதல்ல. நிழல், தண்ணீர், பூவை என்ன செய்யப் போகிறோம் என்பது, இந்த மூன்றையும் வைத்து எடுக்க வேண்டியது.

நம் சமவெளிக்குப் பூவின் நல்ல காலம் கார்த்திகைப் பாதியில் தொடங்கி மாசிப் பாதியில் முடிகிறது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று மாத மழையில் மண் நனைந்து ஊறியிருக்கும். அதன்பின் வானம் வெளுத்து, இரவு 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். பகல் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். ஏறக்குறைய தொண்ணூறு நாள். இந்த நாட்களில்தான் மல்லிகை வரத்து குறைந்து, சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டிலும் பரமத்திவேலூர் பூ ஏலத்திலும் அதன் விலை ஏறும். மல்லிகை ஓய்வெடுக்கும் நேரத்தில் தோட்டத்தை நிரப்புபவைதான் நாம் பார்க்கப்போகும் பூக்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செண்டுமல்லி, ஜினியா, டேலியா, காஸ்மாஸ், நிலச்சம்பங்கி ஐந்துக்குமே தாய்வீடு மெக்சிகோ. அந்த நாட்டு மேட்டு நிலங்களில் மழைக்காலம் முடிந்து வறட்சி தொடங்கும்போது காடெல்லாம் பூக்கும். இறந்த முன்னோரை வரவேற்க அங்குள்ளவர்கள் நவம்பர் முதல் நாட்களில் கல்லறைகளில் செண்டுமல்லியைக் கொட்டுகிறார்கள். மழை நின்றதும் பூப்பது இந்தச் செடிகள் பலவற்றின் பிறவிக் குணம். சேலத்து மழையும் ஏறத்தாழ அதே ஒழுங்கில் பெய்து ஓய்வதால்தான் கடல் கடந்து வந்த செடிகள் இங்கே சொந்த வீடு போல நிற்கின்றன. ஏற்காட்டைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. 1,500 மீட்டர் உயரத்தில் மேமாதம் பூப்பதை 280 மீட்டரில் நாம் தையில் பூக்க வைக்கலாம்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

ஆடியில் பாத்தி போடும்போது ஒரு ஏமாற்று நடக்கிறது. அப்போது சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே போகிறது. அதனால் மதிலின் வடபுறத்திலும் வெயில் நன்றாக விழும். அதை நம்பி அங்கே செடி வைத்தால், மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிட்டிருக்கும். ஆறடி மதிலின் நிழல் அந்த மாத உச்சிவேளையிலேயே வடக்கே நாலடிக்கு மேல் விழும். காலையிலும் மாலையிலும் சொல்ல வேண்டியதில்லை. பூக்க வேண்டிய நேரத்தில் செடி நிழலில் நிற்கும். வாசல் வடக்குப் பார்த்த வீட்டுக்காரர்கள் 'எங்க செடி மட்டும் வெறும் இலையா நிக்குது' என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். செவ்வந்தி, செண்டுமல்லி, ஜினியா, கோழிக்கொண்டை நான்குக்கும் நாளுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். அதனால் மதிலின் தென்புறமும் கிழக்குப் புறமும் இவற்றுக்கு. வடபுறத்து நிழலுக்கு டிசம்பர் பூவும் கனகாம்பரமும் போதும். அரை நிழலை இரண்டும் தாங்கும்.

அடுத்தது தண்ணீர். தொட்டி விளிம்பிலும் சொட்டுக்குழாய் வாயிலும் வெள்ளையாக உப்புப் படிந்தால் உங்கள் போர் தண்ணீர் கடினமானது. மேட்டூரிலிருந்து பள்ளிபாளையம், பரமத்திவேலூர், மோகனூர் என்று காவிரி ஓடும் கரையோர ஊர்களிலும் ராஜ வாய்க்கால் பாசனத்திலும் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. கிழக்கே தள்ளி எருமப்பட்டி, புதுச்சத்திரம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. உப்புத் தண்ணீரில் செவ்வந்தி இலை ஓரம் கருகும். ஆஸ்டர் அப்படியே நின்றுவிடும். வாடாமல்லி, கோழிக்கொண்டை, கைலார்டியா அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

மண்ணில் சுக்கான் கல் கலந்திருந்தால் புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச் சத்து கிடைக்காத அடையாளம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து, எலுமிச்சைச் சாறு சில துளி விட்டு மாலையில் இலை மேல் தெளித்தால் பத்து நாளில் பச்சை திரும்பும்.

எருவைப் பற்றி நாமக்கல்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கோழிப்பண்ணைகள் சூழ்ந்த ஊரில் கோழி எரு கைக்கு எளிதாகக் கிடைக்கிறது. மக்காத கோழி எரு சூடு, தழைச்சத்தும் மிகுதி. ஒரு வருடம் அவசரத்தில் அதை அப்படியே பாத்தியில் கலந்துவிட்டேன். முதல் வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு நாற்று வேர் வெந்து போயிற்று. பிழைத்த செண்டுமல்லி இடுப்பளவு வளர்ந்து, கரும்பச்சையாகத் தழைத்து, பொங்கல் தாண்டியும் மொட்டு விடவில்லை. குவித்து, நனைத்து, அவ்வப்போது கிளறிவிட்டு ஆறு மாதம் மக்க வைத்த பிறகே அதைத் தொட வேண்டும். அப்போதும் தொழு உரத்துக்குத் துணையாகத்தான், தொழு உரத்துக்குப் பதிலாக அல்ல.

செவ்வந்தியா, செண்டுமல்லியா?

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். சேலம், தருமபுரிப் பக்கம் சாமந்தி என்றால் செவ்வந்தி. துலுக்கச் சாமந்தி, செண்டுமல்லி என்பது வேறு செடி, வேறு இனம். விதைக்கடையில் வெறுமனே 'சாமந்தி' என்று கேட்டு செண்டுமல்லி விதையோடு வருகிறவர்கள் உண்டு.

இந்த இரண்டில் எதை வைப்பது என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் உண்மையான கேள்வி. என் பதில் செவ்வந்தி. காரணங்களைச் சொல்கிறேன், பிறகு எப்போது செண்டுமல்லியிடம் போக வேண்டும் என்பதையும்.

செவ்வந்தி பகல் சுருங்குவதைப் பார்த்துப் பூக்கும் செடி. நம் ஊரில் ஆனி மாதப் பகல் 12 மணி 45 நிமிடத்தை ஒட்டி இருக்கும். மார்கழியில் பதினொன்றரை மணியை ஒட்டிக் குறைந்துவிடும். நமக்குப் புலப்படாத அந்தச் சுருக்கத்தைச் செடி இரவின் நீளமாக உணர்கிறது. இரவு போதுமான அளவு நீண்டதும் இலை விடுவதை நிறுத்தி மொட்டுக்கு மாறுகிறது. எனவே அது பின்பருவத்துக்கென்றே பிறந்தது. நடுவில் விளக்கு குறுக்கிட்டால் இரவு நீளவில்லை என்று எண்ணிக்கொள்ளும். தெருவிளக்கின் நேர் கீழே வைத்த செவ்வந்தி பூக்கத் தாமதமாகும், சில சமயம் பூக்கவே பூக்காது. கர்நாடக எல்லைப் பக்கத்து விவசாயிகள் இதையே உத்தியாக்கி, பூ தள்ளிப்போக வேண்டும் என்றால் இரவில் தோட்டம் முழுக்க பல்பு எரிய விடுகிறார்கள். வாசலில் விடிய விடிய விளக்கு எரியும் வீடு என்றால் செவ்வந்தியைப் பின்புறம் கொண்டு போங்கள்.

ஆனியிலோ ஆடித் தொடக்கத்திலோ வேர்விட்ட பக்கக் கன்றாக வாங்க வேண்டும். பூத்தோட்டக்காரர்களிடம் கேட்டால் கொடுப்பார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 மஞ்சள், கோ 2 ஊதா. இரண்டும் உதிரிப்பூவுக்காக வந்தவை என்றாலும் வீட்டு ஓரத்துக்கு நன்றாக நிற்கும். ஜாடிக்கு வேண்டுமென்றால் ஒரே தண்டில் சிறு பூக்கள் பலவாகக் கொத்தாக வரும் வகையைத் தேடுங்கள். ஒரு தண்டுக்கு ஒரே பெரிய பூ என்ற கண்காட்சி வகை சமவெளியில் உழைப்புக்கு ஏற்ற பலன் தராது. மொட்டுகளைக் களைந்துகொண்டே இருக்க வேண்டும், அப்படியும் பூ தலைகவிழும்.

ஓரடிக்கு ஒரு கன்று. நட்ட நான்காவது வாரம் நுனியைக் கிள்ளுங்கள். கிளை பிரிந்த பின் ஆவணிக் கடைசியில் இன்னொரு முறை. புரட்டாசிப் பாதிக்கு மேல் கிள்ளவே கூடாது. மொட்டு வைக்கப் போகும் நுனியைத்தான் அப்போது எடுத்துவிடுவோம். கிள்ளாமல் விட்ட செடி இரண்டு தண்டாக உயர்ந்து ஐப்பசிக் காற்றில் சாயும். கிள்ளியது முழங்கால் உயரப் பந்து போல நிற்கும்.

செவ்வந்தியின் பகை தேங்கும் நீர். மழை மும்முரமாகும் புரட்டாசி, ஐப்பசியில் ஒரே இரவில் வேர் அழுகலாம். முக்காலடி உயர மேட்டுப்பாத்தி இல்லாமல் நடாதீர்கள். அடியிலைகள் கறுத்துக்கொண்டு மேலேறினால் அது இலைப்புள்ளி. தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு இலைகளை எடுத்துவிட்டுக் காற்றுப் புக விட்டால் பாதி அடங்கும். மார்கழியில் மொட்டுக் காம்பில் கறுப்பாக அசுவிணி மொய்க்கும். லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெய், சிறிது சோப்புக் கரைசல், மாலை நேரம்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், வெட்டி ஜாடியில் வைத்த செவ்வந்தி பத்து நாளுக்குக் குறையாமல் நிற்கும். நான் வளர்த்தவற்றில் இத்தனை நாள் நின்றது வேறில்லை. தொடுக்கலாம், சாமிக்கு வைக்கலாம். ஒரு முறை வைத்த தாய்ச்செடி ஆண்டுக்கு ஆண்டு கன்று தரும். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர். சாரமா முனிவர் அங்கே செவ்வந்தி நந்தவனம் வைத்திருந்தார். அந்தப் பூவைத் திருடியவனை அரசன் தண்டிக்காமல் விட்டதால் உறையூர் மண்மாரியில் புதைந்தது என்கிறது தலபுராணம். தோட்டத்துப் பூ காணாமல் போனதற்கு ஒரு நகரமே விலை கொடுத்த கதையைப் பூ வளர்க்கிறவர்களால் முழு மனதோடு நம்ப முடியும்.

ஆனியைத் தவறவிட்டவர்களுக்குச் செண்டுமல்லி. அதன் பெரிய நன்மை வேகம். புரட்டாசிக் கடைசி வாரம் குழித்தட்டில் விதைத்தால் இருபத்தைந்து நாளில் நாற்று. ஐப்பசி முடிவதற்குள் நட்டால் மார்கழிப் பாதியில் முதல் பூ, பொங்கலன்று நிறைந்த செடி. வேரிலிருந்து கசியும் பொருள் மண்ணிலுள்ள வேர்முடிச்சு நூற்புழுவை அடக்கும் என்பதால் கத்தரி, தக்காளி வைத்த பாத்திக்கு அடுத்ததாக இதை வைப்பது நல்லது. உயர வகை மூன்றடி போகும். அதை வேலிக்கு முன் பின்வரிசையில் வைத்து, குச்சி ஊன்றுங்கள். ஓரடிக்குள் அடங்கும் குட்டை வகை, நடைபாதை ஓரத்துக்கு. குட்டை வகையைத்தான் நான் ஓரத்துக்குப் பரிந்துரைப்பேன். பெரிய உருண்டைப் பூ மழை நீரைக் குடித்து உள்ளே அழுகும். சின்னப் பூ உதறிக்கொண்டு நிற்கும்.

ஜாடிக்குச் செண்டுமல்லி சுமார்தான். தண்ணீருக்குள் போகும் இலையை ஒன்று விடாமல் உருவாவிட்டால் இரண்டாம் நாளே நாற்றம் வரும். பூவின் கனத்தில் கழுத்து மடங்கும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வீரிய ஒட்டுச் செண்டுமல்லியில் விதை எடுத்து அடுத்த வருடம் போட்டால் பத்துக்கு நாலு தாயைப் போல வந்தால் அதிகம்.

தண்ணீர் குறைந்த வீட்டுக்கு

தொட்டிக்கு வாரத்துக்கு இரண்டு முறைதான் தண்ணீர் வரும் என்கிற வீட்டில் மேலே சொன்ன இரண்டையும் விட்டுவிட்டு நேராகக் கோழிக்கொண்டைக்குப் போகலாம். நம் காட்டு வெள்ளாமையில் களையாக முளைத்துக் குழம்பில் வேகும் பண்ணைக்கீரையின் உறவு அது. செம்மண்ணும் வறட்சியும் அதற்குப் பழக்கம். கொண்டை வகை, இறகு போல நிமிரும் வகை என்று இரண்டு கிடைக்கின்றன. ஓரத்துக்கு இறகு வகை, ஜாடிக்குக் கொண்டை வகை என்பது என் தேர்வு. ஒரு கொண்டை செடியிலேயே ஒன்றரை மாதம் நிறம் மாறாமல் நிற்கும். அந்தச் செந்நீலச் சிவப்பு மார்கழிக் காலை வெயிலில் பட்டுப்புடவை முந்தானையை விரித்தது போல இருக்கும்.

இதில் செய்யக் கூடாத ஒரு தவறு உண்டு. நாற்றைத் தட்டிலேயே முற்ற விடாதீர்கள். வேர் சுருண்டு பசியோடு நின்ற நாற்று, நான்கு இலையிலேயே கட்டைவிரல் அளவு கொண்டை வைத்துவிடும்; பிறகு எவ்வளவு எரு போட்டாலும் பெருக்காது. புரட்டாசியில் பாத்தியிலேயே நேராக விதைத்து, நெருக்கமானதைக் களைந்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. விதை மிகச் சிறியது, மணலோடு கலந்து தூவுங்கள். முற்றிய கொண்டையை உலுக்கினால் அடுத்த ஆண்டுக்கு விதை கையிலேயே இருக்கும்.

வாடாமல்லி இதற்குத் துணை. பெயரே குணத்தைச் சொல்கிறது. இதழ் போலத் தெரிவது காகிதம் மாதிரி உலர்ந்த பூவடிச் செதில் என்பதால் பறித்தாலும் வாடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. விதையை ஒரு இரவு ஊறவைத்து ஆவணிக் கடைசியில் விதைத்தால் கார்த்திகையில் பூக்கத் தொடங்கி பங்குனி வரை நிற்கும். கோழிக்கொண்டையையும் வாடாமல்லியையும் தலைகீழாகக் கட்டி, காற்றாடும் நிழலில் மூன்று வாரம் தொங்கவிட்டால் ஆடி வரை ஜாடியில் இருக்கும். சித்திரை, வைகாசியில் தோட்டத்தில் ஜாடிப் பூ அரிதாகிவிடும் நம் ஊருக்கு இது சாதாரண உதவியல்ல.

ஜாடிக்கென்றே வளர்ப்பவர்களுக்கு

வெட்டுப்பூ வேண்டுமா, ஜினியாவை முதலில் வையுங்கள். வெட்ட வெட்டக் கிளைக்கும். ஒரு தண்டை இலைச்சோடிக்கு மேலே வெட்டினால் அங்கிருந்து இரண்டு வரும். விதைத்து இரண்டு மாதத்தில் பூ. ஐப்பசிக் கடைசியில் மழை ஓய்ந்ததும் முதல் விதைப்பு, பிறகு இருபது நாளுக்கு ஒரு சிறு வரிசை என்று மார்கழி முடியும் வரை விதைத்துக்கொண்டே வந்தால் மாசிக் கடைசி வரை கை வெறுமையாகாது. நாற்று விட்டு நடுவதை விட நேரடி விதைப்பே இதற்கு ஏற்றது. மழைக்கு முன் விதைத்தால் இலை முழுக்கப் புள்ளி விழும், ஆகவே அவசரப்படாதீர்கள்.

வெட்டும் பதம் தெரிய ஒரு வழி: பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். தலை தொங்கித் துவண்டால் இன்னும் முற்றவில்லை. குச்சி போல விறைப்பாக ஆடினால் வெட்டலாம். துவளும் பூவை வெட்டினால் மறுநாளே தலை கவிழும்.

மார்கழிப் பனியில் ஜினியா இலையில் வெண்பொடி படியும். சாம்பல் நோய் அது. செடிக்குச் செடி ஓரடி இடைவெளி, தலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றும் தண்ணீர், இரண்டும் இருந்தால் தை வரை தள்ளிப்போகும். வந்துவிட்டால் லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகத்தூள், வெயில் ஏறும் முன்.

ஆஸ்டரை ஜினியாவுக்குப் போட்டியாகச் சொல்வார்கள். நீலமும் ஊதாவும் வேண்டுமென்றால் ஆஸ்டர்தான். ஜினியாவில் நீலம் கிடையாது. பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட காமினி, பூர்ணிமா, சசாங்க் போன்றவை ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் நன்றாக வருகின்றன. நம் சமவெளியில் எனக்கு அதில் முழு நிறைவு இல்லை. பகல் நீண்டிருந்தால்தான் ஆஸ்டரின் தண்டு நீளும். மார்கழியை நோக்கிப் பகல் சுருங்கும்போது செடி குட்டையாக நின்று பூத்துவிடுகிறது. ஒரே ஒரு அலை பூத்ததும் செடி முடிந்தது. ஒரு முறை வாடல் நோய் கண்ட பாத்தியில் மறுபடி சில வருடங்கள் வைக்க முடியாது. பத்தடிப் பாத்தி இருந்தால் ஏழடி ஜினியா, மூன்றடி ஆஸ்டர் என்பது என் கணக்கு.

டேலியாவைத் தரையில் வைக்காதீர்கள். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில், மணல் தாராளமாகக் கலந்து, ஐப்பசிக்குப் பின் வேர்விட்ட கன்றாக வையுங்கள். தை தொடங்கி ஆறேழு வாரம் அதன் பெருமைக்கு ஈடில்லை. ஆனால் கிழங்கைச் சித்திரை வெயிலில் காப்பாற்றுவது பெரும்பாலும் தோல்விதான். மறுவருடம் புதிதாக வாங்கிக்கொள்ளும் மனத்தோடு வைப்பவருக்கே அது. மொட்டாக வெட்டினால் ஜாடியில் விரியாது. விரிந்ததை வெட்டினால் நாலைந்து நாள்.

நிலச்சம்பங்கியில் ஜாடிக்கு அடுக்குப்பூ சுவாசினி, உதிரிக்கு ஒற்றைப்பூ பிரஜ்வல். வாசனைக்காக வீட்டுக்கு வீடு நாலு கிழங்கு இருக்க வேண்டும் என்று சொல்வேன். ஆனாலும் குளிர் மாதங்களில் அதில் பூ குறையும். பின்பருவத்துக்கு அதை நம்பி இடம் ஒதுக்க வேண்டாம்.

டிசம்பர் பூவை ஜாடிக்கு ஆகாதென்று ஒதுக்கிவிட மனமில்லை. ஒரு நாள் பூ, உண்மைதான். ஆனால் கார்த்திகை முதல் தை வரை ஊதாவும் வெள்ளையுமாக வேலி முழுக்கப் பூத்து, காலையில் பறித்துத் தொடுத்துச் சிறுமிகள் தலையில் வைத்துப் பள்ளிக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். ஆடியில் ஒரு குச்சி ஒடித்து ஊன்றினால் போதும். வடபுற மதிலுக்கு அதைவிட நல்லது இல்லை.

வெட்டிய பின்

பூவைக் காலையிலேயே வெட்ட வேண்டும், வெயில் ஏறும் முன்பே. கையில் ஒரு வாளித் தண்ணீரோடு போங்கள். வெட்டியது நேராக வாளிக்குள். செவ்வந்தி, செண்டுமல்லி, ஜினியா மூன்றும் முழுதாக விரிந்த பின்னரே வெட்ட வேண்டும். சம்பங்கி மட்டும் அடியில் இரண்டு பூ விரிந்தாலே போதும், மேலே உள்ளவை ஜாடியில் ஓரளவு விரியும்.

நம் போர் தண்ணீர் காரத்தன்மை மிகுந்தது. தண்டு அதை உறிஞ்சத் தயங்கும். ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, நாலு துளி பிளீச்சிங் திரவம். சர்க்கரை பூவுக்கு உணவு, எலுமிச்சை தண்ணீரை மாற்ற, பிளீச்சிங் அழுகலைத் தடுக்க. மூன்றில் சர்க்கரையை மட்டும் போட்டால் கெடுதல்தான். கிருமி பெருகித் தண்டு அடைத்துக்கொள்ளும். ஜாடி கண்ணாடியாக இருக்க வேண்டியதில்லை. சேலத்து எவர்சில்வர் சொம்பு வாய் குறுகியது, தண்டைச் சாயாமல் பிடிக்கும், தேய்த்தால் சுத்தமாகும். தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றி, தண்டு நுனியை ஒரு விரற்கடை சாய்வாக வெட்டிவிடுங்கள்.

இத்தனையும் வைக்க இடமோ நேரமோ இல்லாதவர் என்னிடம் கேட்டால் வீட்டைப் பார்த்துத்தான் சொல்வேன். காவிரிக் கரையோரம், நல்ல தண்ணீர், தென்புறம் திறந்த வாசல் என்றால் செவ்வந்தி முக்கால் பாத்தி, முன்னால் ஒரு வரிசை குட்டைச் செண்டுமல்லி. உப்புத் தண்ணீர், கரட்டு மண் என்றால் கோழிக்கொண்டையும் வாடாமல்லியும், மழை நன்றாகப் பெய்த வருடத்தில் மட்டும் கொஞ்சம் ஜினியா. சேலம் நகரத்துக்குள் மொட்டை மாடி மட்டும்தான் என்றால் தொட்டியில் செவ்வந்தி ஆறு, டேலியா இரண்டு. தெருவிளக்கு எட்டாத மூலையாகப் பார்த்து. காலையில் வேலைக்கு ஓடி இரவில் திரும்புகிறவர், ஞாயிறு மட்டும்தான் தோட்டம் என்றால் ஜினியாவை விட்டு வேறெதையும் யோசிக்க வேண்டாம். எங்கேயாக இருந்தாலும் நர்சரியில் பூத்து நிற்கும் பையை விட, பூக்காமல் கிளைத்து நிற்கும் கன்றை எடுங்கள். சேலத்துக்காரர்கள் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் காட்டிக் கேட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

மாசியில் செவ்வந்தி பூத்து ஓய்ந்ததும் பிடுங்கி எறியாதீர்கள். தரையிலிருந்து நாலு விரல் விட்டு வெட்டி, ஒரு கை தொழு உரம் போட்டு மண் அணையுங்கள். பங்குனி வெயில் ஏறும் முன் தாய்ச்செடியில் நாலைந்தை வேர் மண்ணோடு பெயர்த்து முருங்கை நிழலுக்கோ கொய்யா அடிக்கோ மாற்றிவிடுங்கள். சித்திரையில் பார்த்தால் செத்துவிட்டது போலத்தான் இருக்கும். மண் காயாமல், சேறாகாமல், இரண்டு நாளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி வாருங்கள். வைகாசிக் கோடை மழை ஒன்று விழுந்ததும் அடியிலிருந்து பச்சையாகப் பக்கக் கன்றுகள் கிளம்பும். ஒரு தாய்க்கு ஆறேழு. உங்களுக்கு வேண்டியது போக மிஞ்சியதை வாங்கிப்போகும்படி, தையில் வந்து பூவைப் பார்த்துக் கன்று கேட்டவர்களுக்கு ஆனியில் ஆள் அனுப்பிச் சொல்லுங்கள்.